பழைய லொறியும் அதன் மின்கம்பிகளும்

பழைய லொறி ஒன்றைச் சீர்செய்து மீண்டும் வீதியில் ஓட்ட விழைவோர், பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படும் பகுதிகளிலேயே முதலிற் கருத்தைச் செலுத்துகின்றனர். துருவேறிய தகட்டை வெட்டி நீக்குகின்றனர். உளுத்துப்போன பலகைகளைக் கழற்றிப் புதிய பலகைகளை இழைத்துப் பொருத்துகின்றனர். எஞ்சினைப் பிரித்துத் தேய்ந்த உறுப்புக்களை மாற்றுகின்றனர். வர்ணமும் பூசி முடிந்தபின், பற்றரியை இணைத்துச் சாவியைத் திருப்பும் நாளிலே, சாரதியின் முன்னுள்ள தகட்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை ஒன்று எழுகின்றது. பல மாத உழைப்பை ஒரு சில நிமிடங்களிற் கரியாக்கிவிட அந்தப் புகையால் இயலும்.

12 வோல்ற் மின்னழுத்தம் தொடுபவருக்கு அதிர்ச்சி தருவதில்லை. ஆதலால் அஞ்சத்தக்கதன்று என எண்ணுவோர் பலர். ஆயின் இங்கே தீங்கு விளைவிப்பது அழுத்தமன்று, ஓட்டமே. எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் வேளையில் லொறியின் பற்றரி 200 அம்பியர் மின்னோட்டத்தைத் தர வல்லது. மேலுறை உதிர்ந்த கம்பியொன்று இரும்புச் சட்டத்தைத் தீண்டினால் அந்த ஆற்றல் முழுவதும் அவ்வொரு கம்பியினூடே பாயும். செம்பு செந்நிறமாகக் காய்ந்து, பக்கத்தேயுள்ள கம்பிகளின் உறையையும் பற்றவைக்கும். எனவே பழைய லொறியின் மின்கம்பிகளை ஒழுங்குசெய்தல் அழகுக்காகச் செய்யப்படும் வேலையன்று. அவ்வேலையைச் செய்ய முற்படுபவன், அக்கம்பிகள் எவ்வாறு, எக்காலத்தில், எவ்வெவர் கையால் அங்கு வந்து சேர்ந்தன என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பழுதுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த வரலாற்றிலேயே மறைந்து கிடக்கின்றது.

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவற்றில் மின்கம்பி என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே இருந்தது. எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை மக்னீற்றோ என்னும் கருவி தானே உண்டாக்கிக்கொண்டது. ஜெர்மனியரான றொபேட் பொஷ் 1897ஆம் ஆண்டில் இக்கருவியை மூன்று சில்லு மோட்டார் வண்டியொன்றிற் பொருத்தி வெற்றி கண்டார். 1902ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனத்தைச் சேர்ந்த கொற்லொப் ஹொனோல்ட் அதனை உயர் அழுத்த மக்னீற்றோவாகத் திருத்தியமைத்தார். இதற்குப் பற்றரி தேவைப்படவில்லை. விளக்குகளோ மண்ணெண்ணெயாலும் காபைட் வாயுவாலும் எரிந்தன. பின்னாளில் பிரித்தானிய மோட்டார் வண்டிகளின் மின்கருவிகளுக்குப் பெயர்பெற்ற லூக்காஸ் நிறுவனத்தின் மூலவரான ஜோசப் லூக்காஸ், பேர்மிங்காம் நகரில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கி, பின்னர் எண்ணெய் விளக்குகளைச் செய்தவர். 1902ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது மோட்டார் வண்டிகளில் மின்விளக்கு பரவலான வழக்கிற்கு வந்திருக்கவில்லை.

மின்சாரம் வண்டிக்குள் முழுமையாகக் குடிபுகுந்தது 1912ஆம் ஆண்டில் எனலாம். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின் தொடக்கி அவ்வாண்டில் கடிலாக் மோட்டார் வண்டியிற் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைத் தொடக்கிய காலத்தில், அது பின்னடித்துக் கை முறிந்தோர் பலர், அத்துன்பம் நீங்கியது. ஆனால் தொடக்கிக்குப் பற்றரி வேண்டும். பற்றரிக்கு மின்னூட்ட டைனமோ வேண்டும். டைனமோ அளவுக்கு மீறி ஊட்டாமலும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது பற்றரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமலும் தடுக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும். ஒன்றை வைத்ததனால் மற்றொன்று தேவையாயிற்று. இவையனைத்தையும் இணைக்கவே கம்பிகள் பெருகின.

எனினும் எல்லா வண்டிகளும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1908ஆம் ஆண்டு தொடக்கம் 1927ஆம் ஆண்டு வரை 150 இலட்சம் என்னும் அளவிற்குச் செய்யப்பட்ட போர்ட் நிறுவனத்தின் 'ரி' மாதிரி வண்டிக்கு 1915ஆம் ஆண்டிலேதான் மின் முன்விளக்கு கிடைத்தது. அவ்விளக்கும் மக்னீற்றோவிலிருந்தே மின்சாரத்தைப் பெற்றமையால், எஞ்சின் விரைவாகச் சுழலும்போது பளிச்சென எரிந்தது. வண்டி மெதுவாகச் செல்லும்போது மங்கியது. இருளில் மேடு பள்ளம் கண்டு வேகத்தைக் குறைத்தவனுக்கு, வெளிச்சம் வேண்டிய அக்கணத்திலேயே வெளிச்சம் குறைந்தது. சுமை வண்டிகளோ இன்னும் பின்தங்கியிருந்தன. சொகுசு வண்டிக்குச் செலவிட மனமுள்ளவர், லொறிக்குச் செலவிட மனங்கொள்வதில்லை.

கம்பிகள் பெருகிய அக்காலத்தில் உற்பத்தியாளர் செய்த ஒரு சிக்கனம் இன்றுவரை லொறிகளைப் பின்தொடர்கின்றது. மின்னோட்டம் பற்றரியிலிருந்து புறப்பட்டு விளக்கை அடைந்து, மீண்டும் பற்றரிக்கே திரும்புதல் வேண்டும். போவதற்கு ஒரு கம்பி, வருவதற்கு ஒரு கம்பி என இரண்டு கம்பிகள் இருத்தலே இயல்பு. தொடக்க கால வண்டிகள் சிலவற்றில் அவ்வாறே அமைத்தனர். ஆயின் வண்டியின் அடிச்சட்டம் முழுவதும் இரும்பாயிருக்கையில், திரும்பும் வழிக்கெனத் தனியே செப்புக் கம்பி எதற்கு என்ற கேள்வி எழுந்தது. பற்றரியின் ஒரு முனையைச் சட்டத்தோடு பிணைத்து, ஒவ்வொரு விளக்கின் உடலையும் அதே சட்டத்தோடு பிணைத்துவிட்டால், செலவாகும் செம்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். இவ்விணைப்பையே நம் பட்டறைகளில் 'எர்த்' என்று வழங்குகின்றனர். இது அறிவார்ந்த சிக்கனம் என்பதில் ஐயமில்லை. சட்டம் புதிதாயிருக்கும் வரை.

இரும்பு துருப்பிடிக்கும். துரு மின்சாரத்தை எளிதிற் கடத்துவதில்லை. சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில், மரையாணி ஒன்றின் அடியில், ஆண்டுக்காண்டு வளரும் துரு அந்தத் திரும்பும் வழியை மெல்ல அடைக்கின்றது. வர்ணமும் அவ்வாறே செய்யும். மிகுந்த அக்கறையோடு சட்டத்தைச் சுரண்டித் தடித்த வர்ணம் பூசியவர்களின் லொறியிலே, துருப்பிடித்திருந்தபோது எரிந்த விளக்குக்கூட எரியாமற்போவதுண்டு. விளக்கின் அடிக்கும் சட்டத்துக்கும் இடையே புது வர்ணம் ஒரு திரையாகிவிடுகின்றது.

இந்த அடைப்பின் விளைவு எத்தகையது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காட்டலாம். முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 72 வாற்று வலுவுடையன எனக் கொண்டால், 12 வோல்ற் பற்றரியிலிருந்து 6 அம்பியர் பாயும். அவற்றின் தடை 2 ஓம். வழியிலுள்ள துருவும் களிம்பும் இன்னும் அரை ஓம் தடையைச் சேர்த்தால், விளக்குகளுக்குக் கிடைப்பது 10 வோல்றுக்கும் குறைவாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததுதானே என எண்ணலாகாது. இழை விளக்கின் ஒளி, அழுத்தத்தைக் காட்டிலும் மிக வேகமாகக் குறையும் தன்மையது. அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். தொடக்கியின் வழியில் இதனிலும் கொடிது. 200 அம்பியர் பாயுமிடத்தில் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு தடையே 4 வோல்றை விழுங்கிவிடும். எஞ்சின் சுழல மறுக்கும்; உரிமையாளர் புதுப் பற்றரி வாங்குவார்; அதுவும் மறுக்கும். குற்றம் பற்றரியிலன்று, அதனைச் சட்டத்தோடு பிணைக்கும் பின்னற்பட்டையின் நுனியிலே இருக்கும்.

இன்னொரு விந்தையும் உண்டு. சாரதி தடையை மிதிக்கும்போது, தொடர்பே இல்லாத வேறொரு விளக்கு மங்கலாக எரியும். பேய் பிடித்த வண்டி என்று சொல்லிச் சிரிப்போரும் உளர். காரணம் எளிது. பின் விளக்கின் குமிழுக்குள் இரண்டு இழைகள் உள்ளன. ஒன்று இரவு விளக்குக்கு, மற்றது தடை விளக்குக்கு. இரண்டும் ஒரே உடலினூடாகச் சட்டத்தை அடைகின்றன. அந்த இணைப்புப் பழுதானால், தடை விளக்கின் மின்னோட்டம் திரும்ப வழியின்றி, இரவு விளக்கின் இழையினூடே பின்னோக்கிச் சென்று, அதன் கம்பி வழியாக மறுபக்க விளக்கையோ முன்பக்க விளக்கையோ அடைந்து, அங்குள்ள நல்ல எர்த்தைத் தேடிப் பற்றரிக்குத் திரும்பும். வெள்ளம் தன் வாய்க்கால் அடைபட்டால் அயலான் வயலினூடே பாய்வது போன்றது இது. எரியக்கூடாத விளக்கு எரிந்தால் அவ்விளக்கைப் பிரிப்பது வீண்வேலை; எரிய வேண்டிய விளக்கின் எர்த்தையே முதலிற் சோதித்தல் வேண்டும்.

கம்பியின் உறையைப் பற்றிச் சொல்லும்போது இலங்கையின் பெயரும் வருகின்றது. 1950கள் வரையிலான பிரித்தானிய லொறிகளிற் பெரும்பாலானவற்றின் கம்பிகள், வெள்ளீயம் பூசிய செப்பு இழைகளை றப்பரால் மூடி, அதன்மேற் பருத்தி நூலைப் பின்னி, மெழுகுச் சாயம் தோய்த்துச் செய்யப்பட்டவை. றப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பர். சார்ள்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டிற் கண்ட முறை அது. கந்தகம் செம்பை அரிக்கும் ஆதலால் இடையே வெள்ளீயப் பூச்சு வேண்டியதாயிற்று. அந்த றப்பரைத் தந்த மரங்கள் ஆசியாவுக்கு வந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் 1876ஆம் ஆண்டில் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் 1,919 நாற்றுக்கள் அவ்வாண்டிலேயே கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் நடப்பட்ட மரங்களே ஆசியாவின் றப்பர்த் தோட்டங்கள் பலவற்றுக்கு விதை தந்தன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலே விடியற்காலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்த கைகளுள், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகள் மிகப் பல.

டைனமோவினுள் சுழலும் உறுப்பின்மீது உராய்ந்து மின்னோட்டத்தை வெளியே கொணரும் காபன் தூரிகைகளையும் இங்கே குறிப்பிடலாம். போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் இலங்கைக் காரீயம், அதன் தூய்மையினால் இத்தகைய தூரிகைகளுக்கு உகந்ததென மதிக்கப்படுவது.

றப்பர் ஓர் உயிர்ப்பொருளின் பால். அதற்கு முதுமை உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும், எஞ்சினின் வெப்பமும், சொட்டும் எண்ணெயும் அதனை ஆண்டுக்கணக்காகத் தாக்குகின்றன. முதலில் விறைக்கின்றது, பின்னர் வெடிக்கின்றது, இறுதியில் தூளாகின்றது. கொடுமை என்னவெனில், மேலேயுள்ள பருத்திப் பின்னல் அதனை மறைத்துவிடுகின்றது. அசையாமற் கிடக்கும் வரை கம்பி நன்றாகவே இருக்கும்; 70 ஆண்டுகள் அவ்வாறு கிடந்த கம்பியைச் சோதிப்பதற்கென வளைக்கும் அந்த நேரத்திலே உள்ளுறை நொறுங்கிச் செம்பு வெளிப்படும். சோதனையே பழுதை உண்டாக்குகின்றது. எனவே பழுத்த கைகள் பழைய கம்பிக்கட்டைத் தொடுமுன் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுகின்றன.

இனி லொறி ஒன்றின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். இலங்கை வீதிகளிலும் நெடுங்காலம் பழகிய பெட்போட் லொறி, இங்கிலாந்தின் லூட்டன் நகரிலுள்ள வொக்ஸோல் நிறுவனத்தால் 1931ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. வொக்ஸோல், 1925ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் உடைமையாயிருந்தது. 1939ஆம் ஆண்டில் 'ஓ' வரிசை என்னும் புதிய லொறிகள் வெளிவந்தன. அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. போர்க்காலத்தில் பெட்போட் இராணுவத்துக்கென 2,50,000 வண்டிகளைச் செய்து கொடுத்தது. 'ஓவை' எனப்பட்ட 3 தொன் லொறியும், நான்கு சில்லுகளும் இயக்கப்படும் 'கியூஎல்' லொறியும் அவற்றுட் பெயர்பெற்றவை.

போர் லொறியின் மின்கம்பிகளையும் மாற்றியமைத்தது. 1939 செப்டெம்பர் முதல் பிரித்தானியா இருளில் மூழ்கியது. முன்விளக்குகளுக்கு முகமூடி இடப்பட்டது. அவ்விருளிலே 1941ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானிய வீதிகளில் 9,169 பேர் விபத்துக்களில் மாண்டனர். இராணுவ லொறிகள் வரிசையாகச் செல்லும்போது பின்னே வருபவனுக்கு முன்னே செல்லும் வண்டி தெரிய வேண்டும். ஆகாயத்திலிருந்து நோக்கும் பகைவனுக்குத் தெரியலாகாது. ஆகவே பின் அச்சின் நடுவேயுள்ள உருண்டைப் பகுதிக்கு வெள்ளை வர்ணம் பூசி, அதன்மேல் மட்டும் ஒளி விழுமாறு வண்டியின் அடியிற் சிறு விளக்கொன்றைப் பொருத்தினர். பின்னால் வரும் சாரதி இருளிலே அந்த வெள்ளை வட்டத்தைப் பின்தொடர்ந்து ஓட்டினான். அதற்கென ஒரு கம்பியும் ஒரு சுவிச்சு நிலையும் புதிதாக வந்தன. அந்த விளக்கு கழன்று போன பின்னும் கம்பி இருந்தது.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் அடுத்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் கைநழுவியதோடு, உலகின் இயற்கை றப்பரில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமற் போயிற்று. எஞ்சிய பெரிய ஊற்று இலங்கையே. மரம் தாங்குமா என்று பாராமல், இறுதித் துளிவரை பாலெடுக்கும் முறையில் இங்குள்ள மரங்கள் கீறப்பட்டன. அப்படியும் றப்பர் போதவில்லை. அமெரிக்காவின் அக்ரன் நகரில் வால்டோ செமொன் 1926ஆம் ஆண்டில் மென்மையாக்கக் கண்டறிந்த பி.வி.சி. என்னும் பிளாஸ்ரிக், அத்தட்டுப்பாட்டினால் மின்கம்பி உறையாக விரைந்து பரவியது. போர் முடிந்தபின் றப்பர் மீண்டும் கிடைத்தபோதிலும், கம்பித் தொழிலில் அது இழந்த இடத்தைப் பின்னர் பெறவேயில்லை. 1950களிலே பிரித்தானிய வண்டிகளின் கம்பிகள் படிப்படியாக மாறின. சிலகாலம் உள்ளே பிளாஸ்ரிக்கும் வெளியே பழைய பருத்திப் பின்னலும் கொண்டு வந்தன. பின்னர் பின்னலும் மறைந்தது. ஒரு லொறியின் கம்பியை வெட்டி உள்ளே பார்த்தால், அது 1942க்கு முந்திய உலகத்தைச் சேர்ந்ததா பிந்திய உலகத்தைச் சேர்ந்ததா என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான இராணுவ லொறிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. விவசாயியும், விறகு வியாபாரியும், சர்க்கஸ் கூட்டத்தாரும் அவற்றை வாங்கினர். வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு கம்பியைச் சேர்த்தனர். ஒருவர் இழுவை வண்டிக்கு விளக்கு வைத்தார். ஒருவர் துடைப்பானை மாற்றினார். 1950களில் மின்னும் திருப்ப விளக்குகள் வழக்கிற்கு வந்தபோது, அவற்றுக்கு இடம் வைக்கப்படாத கம்பிக்கட்டுக்குள் வேறொருவர் அவற்றையும் நுழைத்தார். ஒருவரும் பழையதை அகற்றவில்லை. அகற்றினால் எது அணையுமோ என்ற அச்சம் யாவருக்கும் இருந்தது. அந்த அச்சத்துக்கு நியாயமும் இருந்தது.

இவ்விடத்தில் லூக்காஸ் வகுத்த நிற ஒழுங்கு பெரிதும் பயன்படுகின்றது. பின்னாளில் பிரித்தானிய நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வொழுங்கின்படி, பற்றரியிலிருந்து நேரே வரும் கம்பி பழுப்பு நிறம். சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது வெள்ளை. சாவிக்குப் பின் பியூஸ் வழியாக வருவது பச்சை. எப்போதும் உயிருடன் பியூஸ் வழியாக வருவது ஊதா. முன்விளக்குக்கு நீலம், பக்க விளக்குக்கும் பின் விளக்குக்கும் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. முதல் நிறத்தோடு வேறொரு நிற இழையையும் சேர்த்துப் பின்னிக் கிளைவழிகளைக் காட்டினர். படிக்கத் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு கம்பியும் தன் ஊரையும் பேரையும் சொல்லும். ஆயின் எண்ணெயும் புகையும் படிந்து 50 ஆண்டுகள் கழிந்தால் எல்லாம் ஒரே கருமையாகத் தோன்றும். அந்நிலையில் கம்பியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் தகட்டுப் பிடியைத் தளர்த்தி, அதன் அடியிற் பார்த்தல் வேண்டும். வெயிலும் எண்ணெயும் படாத அந்த ஓரங்குல இடத்திற் சாயம் பெரும்பாலும் அழியாமல் இருக்கும்.

நிற ஒழுங்கு தொழிற்சாலையில் இட்ட கம்பிக்கு மட்டுமே உண்மை பேசும். பிற்காலத்திற் சேர்த்த கம்பி பொய்யும் பேசலாம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்த 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இலங்கையில் உதிரிப் பாகங்கள் கிடைத்தல் அரிதாயிற்று. வீட்டு மின்கம்பியாயினும் சரி, கையிற் கிடைத்ததை வைத்து மெக்கானிக்குகள் லொறிகளை ஓட்டவைத்தனர். அவர்களைக் குறைகூறல் நன்றன்று. அவர்கள் காப்பாற்றியிராவிட்டால் இன்று சீர்செய்வதற்கு லொறியே இருந்திராது. ஆயினும் சிவப்புக் கம்பியைக் கண்டு பின் விளக்கென நம்பி வெட்டுபவன், அது பற்றரியிலிருந்து நேரே வந்திருக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது. எந்தக் கம்பியையும் நிறத்தால் ஊகித்து, மானியால் உறுதி செய்தல் வேண்டும்.

பற்றரியின் எந்த முனை சட்டத்தோடு சேர வேண்டும் என்பதிலும் வரலாறு ஒரு பொறி வைத்திருக்கின்றது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து பிரித்தானிய வண்டிகள் பெரும்பாலும் நேர்முனையைச் சட்டத்தோடு பிணைத்தன. முனைகளின் அரிப்பு குறையும் என்றும், தீப்பொறி எளிதிற் பாயும் என்றும் காரணம் கூறப்பட்டது. 1960களில் டைனமோவின் இடத்தைப் புதிய வகை மின்பிறப்பாக்கி பிடித்தது. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1960ஆம் ஆண்டின் வலியன்ற் வண்டியில் அதனை வழமையான உறுப்பாகவே வைத்தது. அதனுள் இருக்கும் சிலிக்கன் இருவாயிகள், பற்றரியைத் தலைகீழாக இணைத்தால் அக்கணமே அழிந்துவிடும் இயல்பின. ஏறக்குறைய அக்காலத்திலேயே பிரித்தானியாவும் உலக வழக்கைத் தழுவி மறைமுனையைச் சட்டத்தோடு பிணைக்கலாயிற்று. இன்று பழக்கத்தின் காரணமாக 1940களின் லொறி ஒன்றுக்கு மறைமுனையைச் சட்டத்தோடு இணைப்பவன், விளக்குகள் எரியக் கண்டு மகிழ்வான். விளக்குக்கு முனை பற்றிய கவலை இல்லை. ஆனால் டைனமோ பழைய முனைக்கே காந்தமூட்டப்பட்டிருக்கும். எஞ்சின் விரைந்ததும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் தொடுமுனைகள் இரண்டு எதிரான ஆற்றல்களுக்கு இடையில் அகப்பட்டுத் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும். பற்றரியை இணைத்தபின் டைனமோவின் புலச்சுருளைப் பற்றரியோடு ஒரு கணம் தொட்டெடுத்துப் புதிய முனைக்குக் காந்தமூட்டுவது பழைய பட்டறைகளின் வழக்கம். ஒரு கணத்து வேலை. அது தெரியாதவனுக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலை.

பியூஸ் பற்றியும் ஒரு சொல். அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள் இருந்தன. முன்விளக்குகளுக்குப் பியூஸே வைப்பதில்லை. இரவில் ஓடும் வண்டி திடீரெனக் குருடாகிவிடுதல், கம்பி எரிவதிலும் கேடானது எனக் கருதினர். கம்பியின் உறை புதிதாயிருந்த நாளில் அக்கருத்துப் பிழையன்று. உறை தூளாகிய நாளில் அதுவே ஆபத்தாகின்றது. ஆகவே இன்று சீர்செய்வோர், இடப்பக்க விளக்குக்கும் வலப்பக்க விளக்குக்கும் வெவ்வேறு பியூஸ்களை மறைவான இடத்தில் வைக்கின்றனர். ஒன்று எரிந்தாலும் மற்றது வழிகாட்டும். முதன்முதல் மின்சாரம் பாய்ச்சும்போது பற்றரிக்கும் கம்பிக்கட்டுக்கும் இடையே சாதாரண விளக்குக் குமிழொன்றைத் தொடராக வைப்பதும் உண்டு. எங்கேனும் கம்பி சட்டத்தைத் தீண்டினால் குமிழ் பளிச்சென எரியும், கம்பி எரியாது.

இனி எஞ்சுவது ஒரு விவாதம். பழைய கம்பிக்கட்டை முற்றாக நீக்கிப் புதியது இடுவதா, அன்றி இயன்றவரை காப்பதா? காப்பவரின் வாதம் வலுவானது. லொறியின் வாழ்க்கை அந்தக் கட்டிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது. இராணுவம் சேர்த்த கம்பியையும் விறகு வியாபாரி முறுக்கிய இணைப்பையும் எறிந்துவிட்டால், மிஞ்சுவது 1940ஆம் ஆண்டைப் போன்று தோன்றும் புதிய வண்டியே. 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பழைய வண்டிகளின் சர்வதேசச் சம்மேளனம், 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனத்திலே இவ்வகைக் காப்புணர்வையே வற்புறுத்துகின்றது. ஆயினும் நூதனசாலையில் அசையாமல் நிற்கும் லொறிக்குப் பொருந்துவது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருவிழாவுக்குப் போகும் லொறிக்குப் பொருந்தாது. ஓடும் லொறிக்கு உடைந்த றப்பர் உறையுள்ள கம்பியை வைத்திருத்தல் வரலாற்றுப் பற்று ஆகாது, அது பொறுப்பின்மை. நல்லவேளையாக, உள்ளே பிளாஸ்ரிக்கும் வெளியே பழைய நிறங்களிற் பருத்திப் பின்னலும் கொண்ட கம்பிகளை இன்றும் பிரித்தானியாவிற் செய்து விற்கின்றனர். கண்ணுக்குப் பழமை; உள்ளே பாதுகாப்பு. இதனை ஏமாற்று என்பாரும் உளர். தீயணைப்புப் படையினர் அவ்வாறு கூறார்.

வேலையைச் செம்மையாகச் செய்வோர் பழைய கட்டை வெட்டி எடுப்பதில்லை. ஒவ்வொரு நுனியையும் கழற்றுமுன் எண்ணிட்ட அட்டையொன்றைக் கட்டி, அது எங்கிருந்து எங்கு சென்றது என்பதைத் தாளில் வரைந்து, கட்டு முழுவதையும் கிளைகளோடு வெளியே எடுக்கின்றனர். பின்னர் அதனை ஒரு பலகையின்மேற் பரப்பி, கிளை பிரியும் இடந்தோறும் ஆணி அடிக்கின்றனர். அந்த ஆணிகளின் வழியே புதிய கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சேர்த்துக் கட்டினால், பழையதன் அளவிலும் வடிவிலும் புதியது உருவாகின்றது. எர்த் இணைப்பு ஒவ்வொன்றின் அடியிலும் வர்ணத்தை வெள்ளிரும்பு தெரியச் சுரண்டி, இறுக்கி, மேலே கொழுப்பு பூசுகின்றனர். ஒரு சுற்றை முடித்து, சோதித்து, சரியெனக் கண்டபின்பே அடுத்த சுற்றைத் தொடுகின்றனர்.

பலகையில் ஆணியடிக்கும்போது, எந்த விளக்குக்கும் போகாத நுனிகள் சில மிஞ்சும். அவற்றுக்கும் ஆணியடித்து, எண்ணிட்டு, வரைபடத்திற் குறித்தபின், பழைய கட்டைப் பெட்டியொன்றிற் சுருட்டி வைக்கின்றனர். இராணுவத்திலிருந்து வந்த லொறியாயின், பின் அச்சின் வெள்ளை வட்டத்துக்கு ஒளியூட்டிய கம்பியின் நுனியும் அவற்றுள் ஒன்றாக இருக்கும்.